வெட்டிய ஸ்பிரிங்கும் குஞ்சப்பனை இறக்கமும்: பழைய ஜென் காரை அழகு செய்யலாமா?

3 ஜூன் 2023, மாலை. குன்னூர் வாசகர் ஒருவரின் கேள்வி

என்னிடம் 1999ஆம் ஆண்டு மாருதி ஜென் இருக்கிறது. அப்பா வாங்கியது, இப்போது என் பெயருக்கு மாற்றியிருக்கிறேன். எஞ்சின் நன்றாக இருக்கிறது, துருவும் அதிகம் இல்லை. ஸ்பிரிங்கை ஒன்றரைச் சுற்று வெட்டிக் காரைத் தாழ்த்தி, 14 அங்குல அலாய் ரிம்மும் அகலமான டயரும் போட்டு, கண்ணாடிகளுக்குக் கறுப்புப் படலம் ஒட்டலாம் என்றிருக்கிறேன். தாழ்த்தினால் வளைவில் கார் சாயாது, பிடிப்பு கூடும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். மலையில் ஓடுகிற வண்டிக்கு இதெல்லாம் எதற்கு என்று அப்பா கேட்கிறார். தினமும் கோத்தகிரிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். மாதம் ஒரு முறை அப்பா அம்மாவை மருத்துவமனைக்காகக் கோவைக்கு அழைத்துப் போக வேண்டும். அழகும் வேண்டும், ஓட்டமும் கெடக் கூடாது. இரண்டும் கிடைக்குமா?

3 ஜூன் 2023, இரவு

கிடைக்காது. நீங்கள் எழுதியிருக்கும் எல்லாவற்றையும், கறுப்புப் படலம் உட்பட, 2006இல் எங்கள் வீட்டில் ஒருவர் ஒரு ஜென்னுக்கு ஒன்றுவிடாமல் செய்து பார்த்தார். அது 1997ஆம் ஆண்டு வண்டி. 993 சிசி, கார்புரேட்டர், புதிதாக இருந்தபோதே 50 குதிரைத்திறன்தான். வேலை முடிந்து வாசலில் வந்து நின்ற அன்று அதன் அழகுக்கு ஈடு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்று ஆண்டுகளுக்குள் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய நிலைக்கே கொண்டுவந்தோம். அந்தக் கார் இன்றும் ஓடுகிறது.

வெட்டிய ஸ்பிரிங் வலுவிழந்து தளர்ந்துவிடும். கார் தொட்டில்போல் ஆடும். அப்புறம் எங்கிருந்து பிடிப்பு வரும்? அப்பா சொல்வதைக் கேளுங்கள்.

4 ஜூன் 2023, காலை

இரவு எழுதியதை இப்போது படித்தால் உபதேசம்போல் இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுவது என் வேலை. ஆகவே கணக்காகவே சொல்லிவிடுகிறேன்.

ஜென்னுக்கு நிறுவனம் கொடுத்த டயர் 145/70 ஆர்13. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். எல்லாம் கூட்டினால் டயரின் முழு விட்டம் 533 மில்லிமீட்டர் வருகிறது. எங்கள் வீட்டில் மாட்டியது 165/65 ஆர்14. அதன் விட்டம் 570 மில்லிமீட்டர். ஏறக்குறைய 7 விழுக்காடு பெரிது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது கார் 64இல் போய்க்கொண்டிருக்கும் என்பது சின்ன விஷயம். பெரிய விஷயம், ஒவ்வொரு கியரும் அதே அளவுக்கு நீண்டுவிடுகிறது என்பது. ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போக வேண்டிய சக்கரத்தை அதே எஞ்சின்தான் சுற்ற வேண்டும்.

இதோடு உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 84 விழுக்காடுதான். டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கே இறங்கிவிடும். அந்த 84இல் டயருக்கு 7 போனால் மீதி 77. சமவெளியில் 100 ரூபாய்க்கு இழுத்த கார் இங்கே 77 ரூபாய்க்குத்தான் இழுக்கும். அதுவரை இரண்டாவது கியரில் முனகாமல் ஏறிய எங்கள் தெரு மேட்டில், புது டயர் போட்ட மறுநாளே முதல் கியருக்கு இறங்க வேண்டியதாயிற்று.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெரிய டயர் காரை 18 மில்லிமீட்டர் மேலே தூக்கும். அதற்கு ஒரு தொகை கொடுத்தோம். பிறகு ஸ்பிரிங்கை வெட்டி 50 மில்லிமீட்டர் கீழே இறக்க இன்னொரு தொகை கொடுத்தோம்.

6 ஜூன் 2023

இரண்டு திருத்தங்கள். இரண்டும் எனக்கு வர வேண்டியவைதான்.

முதலாவது, 77 தவறு. விழுக்காட்டிலிருந்து விழுக்காட்டை நேராகக் கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும் என்று திருப்பூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். 84ஐ 1.07ஆல் வகுத்தால் 78.5 வருகிறது. இருபது வருடமாகக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கு இது அழகல்ல. ஒன்றரை ரூபாய் வித்தியாசம். முதல் கியர் முதல் கியர்தான்.

இரண்டாவது திருத்தம் முக்கியமானது. வெட்டிய ஸ்பிரிங் தளரும் என்று எழுதியது முழுத் தவறு; அது விறைக்கும். சுருள் ஸ்பிரிங்கில் வேலை செய்யும் சுற்றுகள் குறையக் குறைய விறைப்பு கூடும்: ஆறு சுற்றில் ஒன்றரையை வெட்டினால் மீதி நான்கரை, விறைப்பு மூன்றில் ஒரு பங்கு அதிகம். நீளமான மூங்கில் கழியை வளைப்பது எளிது, அதையே பாதியாக வெட்டிவிட்டால் வளைக்க முடியாது அல்லவா, அதுபோல.

அப்படியானால் கார் தொட்டில்போல் ஆடியதாக எனக்கு ஏன் நினைவிருக்கிறது என்று இரண்டு நாளாக யோசித்தேன். ஆடியது உண்மை, நான் சொன்ன காரணம்தான் தவறு. ஷாக் அப்சார்பர் பழையது. நிறுவனம் அதை மென்மையான ஸ்பிரிங்குக்காக அளந்து செய்தது. விறைத்த ஸ்பிரிங் உதைத்துத் திரும்பும்போது அதை அடக்க அதற்கு வலு போதவில்லை. ஒரு குழியில் இறங்கினால் கார் மூன்று முறை குதித்துவிட்டுத்தான் அடங்கும். அந்த மூன்று குதிப்பும் ஒரு வளைவின் நடுவில் நடந்தால் டயர் சாலையைத் தொட்டும் தொடாமலும் போகும்.

11 ஜூன் 2023

குன்னூர் நண்பர், ஸ்பிரிங்கை வெட்டியதால் நேர்ந்த கெடுதல்களை விவரமாக எழுதச் சொல்கிறார்.

எங்கள் வீட்டுக்கு மேல்சாலையிலிருந்து ஒரு கான்கிரீட் சந்து செங்குத்தாக இறங்குகிறது. சந்தின் வாயில் மழைத்தண்ணீர் வடிய ஒரு குறுக்கு வாய்க்கால், அதன்மேல் இரும்புக் கம்பி வலை. மலையில் வீடு இருப்பவர்களுக்கு இதைப் படமாக வரைந்து காட்ட வேண்டியதில்லை. கார் தாழ்ந்த முதல் வாரத்திலேயே அந்த வலை அடியில் உரசி, மாவு மில்லில் கல் விழுந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. பிறகு நேராக இறங்காமல், ஒரு சக்கரம் முன்னும் ஒரு சக்கரம் பின்னுமாகக் கோணலாக இறங்கப் பழகிக்கொண்டோம். நான்காம் மாதம் ஒரு நாள் காரில் மூன்று பேர், டிக்கியில் இரண்டு அரிசி மூட்டை. கோணலாக இறங்கியும் அடி மாட்டியது. அன்று இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. காலையில் பார்த்தால் சந்தின் மேல்முனையிலிருந்து எங்கள் வாசல்வரை கரிய நூல் பிடித்ததுபோல் எண்ணெய்க் கோடு. எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டியான ஆயில் சேம்பரின் அடி நசுங்கி, வடிகால் நட்டுக்குப் பக்கத்தில் கீறல் விட்டிருந்தது. எதிர்வீட்டுப் பாட்டி தன் வாசல்படியில் நின்றபடி, “கோலம் போட்டிருக்கிறாயே, புள்ளி வைக்க மறந்துவிட்டாயா?” என்று கேட்டார்.

அடுத்தது, கொண்டை ஊசி வளைவில் பின்னாலிருந்து வந்த சத்தம். ஜென்னின் பின் அச்சு ஒரே திடமான அச்சு. அதன்மேல் இரண்டு சுருள் ஸ்பிரிங்குகள் உட்கார்ந்திருக்கின்றன. மேடும் பள்ளமுமான வளைவில் உள்பக்கப் பின் சக்கரம் கீழே தொங்கும். நிறுவனம் கொடுத்த நீளத்தில் இருந்தால் அப்போதும் ஸ்பிரிங் சற்று அழுந்தியே இருக்கும். வெட்டியதோ தன் இருக்கையை விட்டு எழுந்துவிடுகிறது. சக்கரம் மறுபடி ஏறும்போது அது கொஞ்சம் விலகி உட்கார்ந்து “டக்” என்கிறது. அரவேணுவைத் தாண்டியதும் எந்தெந்த வளைவில் அந்தச் சத்தம் வரும் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

மூன்றாவது, பட்டறையில் உங்களுக்குச் சொல்லாமல் விட்டது. தாழ்த்தினால் காரின் எடைமையம் இறங்கும், அதனால் சாய்வு குறையும் என்பது சரி. ஆனால் கார் சாயும்போது எந்தப் புள்ளியை அச்சாகக் கொண்டு சாய்கிறதோ அந்தப் புள்ளியும் இறங்கும். ஜென்னின் முன்பக்கம் உள்ள அமைப்பில், கீழ்க்கை (சக்கரத்தைக் காரின் உடலோடு கீழே பிணைக்கும் கை) நிறுவனம் வைத்த கோணத்திலிருந்து மாறிச் சக்கரத்தின் பக்கம் மேல்நோக்கிச் சரிந்துவிட்டால், அந்தப் புள்ளி எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் கூடும். அந்தத் தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோல். ஆகவே 50 மில்லிமீட்டர் இறக்கிய பிறகு கார் குறைவாகச் சாய்ந்ததாகத் தெரிந்தால், அதற்கு ஸ்பிரிங் விறைத்ததுதான் பெரும்பாலும் காரணம், தாழ்ந்தது அல்ல. அப்படிச் சாயும்போது ஸ்பிரிங் முழுவதும் அழுந்தி, அதன் எல்லையில் இருக்கும் ரப்பர் முட்டுக்கட்டையில் போய் இடித்துவிட்டால் அந்த நொடியில் ஸ்பிரிங்கே இல்லாததுபோல் ஆகிவிடும், டயர் வழுக்கும்.

18 ஜூன் 2023

ஒரு வாசகர் கூர்மையாகப் பிடித்துவிட்டார்: “காரை மாற்றியவர் உங்கள் வீட்டில் வேறு ஒருவர் என்றீர்கள். கோலம் போட்டிருக்கிறாயே என்று பாட்டி உங்களிடம் ஏன் கேட்டார்?”

மாற்றியவள் நான்தான். அப்போது எனக்கு 33 வயது. முதல் சம்பள உயர்வில் வாங்கிய பழைய கார் அது. என் தம்பி செய்ததாகவே ஊரில் எல்லாரும் நினைத்தார்கள். கோத்தகிரியில் ஒரு பெண் தன் காருக்கு ஸ்பிரிங்கை வெட்டச் சொல்வாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. பழி அவன் தலையில் விழுந்ததை நான் மறுக்கவில்லை. இங்கே முதல் குறிப்பிலும் அதே பழக்கத்தில் எழுதிவிட்டேன். தம்பிக்குச் செய்தி போய்விட்டது. இன்று காலை தொலைபேசியில் நன்றாகவே கேட்டுவிட்டான். என்னை “அண்ணா” என்றும் “சார்” என்றும் எழுதிக்கொண்டிருப்பவர்கள் இனி “அக்கா” என்று எழுதலாம்.

ஏன் செய்தேன் என்றும் கேட்டிருக்கிறார்கள். ஆசைதான். ஒரு திருமணத்துக்காகக் கோவைக்குப் போனபோது, தரையோடு தரையாக உட்கார்ந்திருந்த ஒரு சிவப்பு மாருதி எஸ்டீம் காரைப் பார்த்தேன். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல்கூட நுழையாது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

19 ஜூன் 2023

கோவை நண்பருக்கு. செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் கார்கள் எல்லாம் தாழ்ந்தவைதானே என்கிறீர்கள். ஆமாம். அங்கே குறுக்கு வாய்க்கால் இல்லை, காட்டெருமை இல்லை, டிக்கியில் அரிசி மூட்டையும் இல்லை. ஆனாலும் நீங்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது: அவர்கள் ஸ்பிரிங்கை வெட்டுவதில்லை. குட்டையாகவே செய்த ஸ்பிரிங்கைப் போட்டு, அதற்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். “தாழ்த்துவது தவறு” என்று நான் எழுதியதை “வெட்டித் தாழ்த்துவது தவறு” என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். நம் சாலைக்கு அது பொருந்துமா என்பது வேறு கேள்வி.

2 ஜூலை 2023

பிரேக்கைப் பற்றி இதுவரை எழுதவில்லை. எழுதத் தயக்கமும் இருந்தது.

2008ஆம் ஆண்டு ஆவணி மாதம். மேட்டுப்பாளையத்தில் ஒரு முகூர்த்தம். அம்மா முன்னிருக்கையில், பின்னால் சித்தியும் அவர் பிள்ளைகள் இருவரும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறக்கம் சுமார் 33 கிலோமீட்டர். குஞ்சப்பனையை நெருங்கும்போது முதலில் வந்தது நாற்றம்: துணி கருகுவதுபோல, கொஞ்சம் மீன் வாடையும் கலந்ததுபோல. எதிரே வந்த லாரியிலிருந்துதான் வருகிறது என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தால் மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. ஈரப் பஞ்சை மிதித்ததுபோல் இருந்தது. இரண்டாம் முறை அடித்து மிதித்தபோதுதான் பிடித்தது. அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை; தலையில் இருந்த பூவைச் சரிசெய்துகொண்டிருந்தார். இரண்டாவது கியருக்கு இறக்கி, மலைப்பக்கமாக ஓரங்கட்டி, பிள்ளைகளை இறக்கிவிட்டுச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். முன் ரிம்மின் அருகில் கையைக் கொண்டுபோக முடியவில்லை. தண்ணீர் ஊற்றவா என்று சித்தியின் மகன் பாட்டிலோடு வந்தான். கூடாது என்றேன், கொதிக்கிற இரும்பில் தண்ணீர் பட்டால் கோணிவிடும். முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம். தாலி கட்டி முடிந்த பிறகுதான் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஏன் அப்படி ஆயிற்று என்பதைப் பிறகு பிரித்துப் பார்த்தேன். பிரேக் அதே பிரேக்தான். ஆனால் அது பிடித்து நிறுத்த வேண்டிய சக்கரம் 7 விழுக்காடு பெரிது. எஞ்சினின் இழுவை எந்த விகிதத்தில் குறைந்ததோ அதே விகிதத்தில் பிரேக்கின் பிடியும் குறையும். இறங்கும்போது எஞ்சின் கொடுக்கும் தடையும் குறையும், ஏனென்றால் கியர்கள் நீண்டுவிட்டன. ஏறும்போது நஷ்டம் தெரியும். இறங்கும்போது அந்த நஷ்டம் தெரியாது, நாற்றம் வரும்வரை.

எல்லாப் பழியையும் டயர்மேல் போட்டால் அது பொய். பிரேக் ஆயிலை, கார் வாங்கிய நாளிலிருந்து நான் மாற்றவே இல்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 140 இருந்தாலே தரத்துக்குள் வந்துவிடும். கொதித்தால் குமிழி, குமிழி அழுந்தும், மிதி ஆழமாகப் போகும். அதோடு, இரண்டாவது கியரில் இறங்க வேண்டிய இடத்தில் நான் மூன்றாவதில் இறங்கினேன். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரம்.

15 ஜூலை 2023

கறுப்புப் படலம் பற்றி இரண்டே வரி. முன், பின் கண்ணாடிகள் 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் வெளிச்சத்தை விட வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. மேலே படலம் ஒட்டுவதையே உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் தடுத்துவிட்டது. பனிமூட்டத்தில் பக்கக் கண்ணாடி வழியே சாலையின் விளிம்பைத் தேடியவர்களுக்குத் தீர்ப்பு தேவைப்படாது.

சட்டம் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, நிறுவனம் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ உண்டு. உங்கள் வண்டி 1999; பதினைந்து ஆண்டு முடிந்து 2014இலும், பிறகு 2019இலும் பதிவைப் புதுப்பித்திருப்பீர்கள். அடுத்தது 2024. வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வெட்டிய ஸ்பிரிங்கோடு அந்த வரிசையில் நிற்க வேண்டாம்.

30 ஜூலை 2023

விளக்கைப் பற்றிக் கேட்டவருக்கு.

நான் கெட்டதில் இதுவும் ஒன்று. 60/55 வாட் பல்பு இருந்த இடத்தில், நீலம் பூசிய 100/90 வாட் பல்பு போட்டேன். பார்க்கப் பெரிய ஊர்க் கார் மாதிரி இருந்தது. ரிலே (விளக்குக்குப் போகும் மின்சாரத்தைச் சுவிட்ச் சுமக்காமல் தான் சுமக்கும் கருவி) வைக்காமல் போட்டதால் சுவிட்ச் சூடேறி, பிளாஸ்டிக் உருகிய வாசனை ஒரு மாதம் காரை விட்டுப் போகவில்லை. அது பரவாயில்லை. 2007 டிசம்பரில் ஊட்டியிலிருந்து இரவு எட்டு மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கட்டபெட்டு தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. விளக்கைப் போட்டால் முன்னால் ஒரு பால் சுவர். இன்னும் வெளிச்சம் வேண்டும் என்று பெரிய வெளிச்சத்தைப் போட்டேன். சுவர் இன்னும் கெட்டியாயிற்று. பத்து கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. திடீரென்று சுவரின் நடுவில் ஒரு இடம் மட்டும் கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்பு மூச்சு விட்டது. பானட்டிலிருந்து ஒரு கை தூரத்தில் காட்டெருமையின் விலா. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். அது தன் வேலையை முடித்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கிப் போன பிறகுதான் கையில் உயிர் வந்தது.

அடுத்த வாரமே பழைய பல்பைப் போட்டு, பம்பருக்குக் கீழே மஞ்சள் உறை போட்ட இரண்டு விளக்குகள் வைத்தேன். மஞ்சள் வெளிச்சம் பனியை ஊடுருவும். வெள்ளை ஊடுருவாது.

(சைலன்சர் மாற்றுவது பற்றிக் கேட்டவருக்கு: காட்டெருமை அதற்கும் நகராது.)

1 ஆகஸ்ட் 2023

மஞ்சள் ஊடுருவாது. உதகையிலிருந்து இயற்பியல் ஆசிரியர் ஒருவர் பொறுமையாக விளக்கியிருக்கிறார். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிது. அந்த அளவுள்ள துளி எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரேபோலத்தான் சிதறடிக்கும். எனக்குப் பயன்பட்டது விளக்கின் உயரமும் வடிவமும்: கீழே இருந்து, அகலமாக, தட்டையாக விழும் வெளிச்சம் கண் மட்டத்திலுள்ள பனியில் படாமல் சாலையின் விளிம்பைக் காட்டுகிறது. நிறத்தால் வந்தது கண்ணுக்கு ஓர் இதம் மட்டும்தான்.

அப்படியானால் வெள்ளை உறை போட்டாலும் அதே பயன்தானே என்று கேட்கிறார். ஆமாம். ஆனால் கழற்றமாட்டேன். மஞ்சள் விளக்கு வைத்த வெள்ளை ஜென் எனக்குப் பிடிக்கும். “பயனுக்காக வைத்தேன்” என்று பதினாறு வருடமாகச் சொல்லிவந்ததில் பாதி, அந்தச் சிவப்பு எஸ்டீமைப் பார்த்த அதே ஆசை. முதல் குறிப்பில் “கிடைக்காது” என்று அவ்வளவு அடித்து எழுதியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

20 ஆகஸ்ட் 2023

குன்னூர்த் தம்பிக்கு (இனி அப்படியே எழுதுகிறேன்). அப்படியானால் என்னதான் செய்யலாம் என்று கேட்கிறீர்கள். 2009இல் நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஸ்பிரிங் நான்கும் புதிது, நிறுவனத்தின் அளவிலேயே. கூடவே ஷாக் அப்சார்பர் நான்கும். கீழ்க்கை புஷ்களையும் மாற்றும்படி மெக்கானிக் சொன்னபோது எனக்கு இஷ்டமில்லை. கையளவு ரப்பர், வெளியே தெரியாது, யாரிடமும் காட்டிப் பெருமைப்படவும் முடியாது. பழையதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். நடுவிலிருந்த இரும்புக் குழாய், காய்ந்த நார்த்தங்காய்க்குள் விதைபோலக் குலுங்கியது. ரப்பர் ஒரு பக்கம் பிளந்து வாயைத் திறந்திருந்தது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்ததற்கு அலைன்மென்ட்தான் காரணம் என்று நான்கு முறை பணம் கொடுத்து அலைன்மென்ட் செய்திருந்தேன். புஷ் மாற்றிய அன்று கோடநாடு சாலையில் ஓட்டிப் பார்த்தேன். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் திரும்பியது. அதுவரை நான் திருப்புவேன், கார் யோசித்துவிட்டுத் திரும்பும்.

டயர் 155/70 ஆர்13, ரிம் பழைய இரும்பு ரிம்மே. முழு விட்டம் 547 மில்லிமீட்டர். மூன்று விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசம். பவர் ஸ்டியரிங் இல்லாத காரில் கைக்குப் பாரம் தெரியவில்லை. டயர் வாங்கும்போது பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1418 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் பதினான்காம் வாரம். மலை ஊரில் கார் குறைவாக ஓடும், பட்டன் தேயாது, ரப்பர் மட்டும் கிழண்டு விறைத்துவிடும். பார்க்கப் புதிதாகவே இருக்கும். உங்கள் காரில் இப்போது இருப்பதன் எண் என்ன?

அழகுக்காக உக்கடத்துப் பழைய உதிரிபாகக் கடைகளில் இரண்டு சனிக்கிழமை அலைந்து, நிறுவனத்தின் பழைய வீல் கேப் நான்கும் ஒரே ஜோடியாகத் தேடி எடுத்தேன். அசல் வெள்ளையிலேயே மறுபடி பெயின்ட் அடித்தேன். வேறு நிறம் அடித்தால் ஆர்.சி. புத்தகத்தில் மாற்ற வேண்டும்.

17 செப்டம்பர் 2023

கோவை நண்பர் தன் தாழ்த்திய காரில் நேற்று குடும்பத்தோடு மலைக்கு வந்தார். அவருடையது வெட்டியதல்ல; குட்டை ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் சேர்த்து மாற்றியது. அவர் அனுமதியோடு எழுதுகிறேன். பெரிய சாலையில் என்னை ஓட்டச் சொன்னார். பொறாமைப்படும்படி இருந்தது. என் ஜென் சாயும் இடத்தில் அந்தக் கார் சாயவில்லை. குழியில் இறங்கினால் ஒரே முறை “தொம்” என்று சொல்லி அடங்கிவிட்டது. 19 ஜூன் குறிப்பின் கடைசி வரியை எழுதும்போது எனக்கு இருந்த உறுதி இப்போது இல்லை.

பிறகு அவர் உறவினரின் ஹட்டிக்கு (படகர் ஊர்) போனோம். சாலையிலிருந்து இறங்கும் கான்கிரீட் பாதை முடியும் இடத்தில் ஒரு விளிம்பு. கார் நடுவயிற்றில் உட்கார்ந்துகொண்டது; முன் சக்கரம் இரண்டும் காற்றில் சுற்றின. எட்டுப் பேர் வந்து தூக்கிவிட்டார்கள். அவர் மனைவி ஒரு வார்த்தையும் பேசவில்லை. காரிலிருந்து இறங்கித் தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போய்விட்டார்.

29 அக்டோபர் 2023

குன்னூர்த் தம்பி நேற்று மாலை காரைக் காட்ட வந்தார். டயர் எண் 0915. எட்டு ஆண்டுக்கு மேலாகிவிட்டது. நகத்தால் அழுத்தினால் மரம்போல் இருக்கிறது. இந்த மாதிரி மழையில் இதோடு தினமும் ஓட்டியிருக்கிறார். புது டயர் சொல்லியாயிற்று, நான்கும் ஒரே நாளில்.

அலாய் ரிம் வாங்கியே விட்டார். ஆனால் 13 அங்குலம், பழையது, நிறுவனத்தின் ரிம் உள்ளே எவ்வளவு உட்காருமோ அதே அளவுக்கு உட்காருவது. மட்கார்டுக்கு வெளியே ஒரு நூல்கூட நீட்டவில்லை. என்னுடையது ஒரு விரல் வெளியே நீட்டியிருந்ததால் இரண்டு ஆண்டில் வீல் பேரிங் இரைய ஆரம்பித்த கதையை அவரிடம் சொன்னேன். ஸ்பிரிங்கைத் தொடவில்லை. புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும் அடுத்த மாதச் சம்பளத்தில்.

சேம்பருக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை என் இரும்பு ஸ்கேலால் அளந்தோம். அவர் அப்பாவும் உடன் வந்திருந்தார். காரைச் சுற்றி இரண்டு முறை நடந்துவிட்டு, “ரிம் நன்றாகத்தான் இருக்கிறது” என்று என்னிடம் சொன்னார், மகனிடம் சொல்லவில்லை.

4 நவம்பர் 2023

குன்னூர்த் தம்பிக்கு. மஞ்சள் உறை இன்னொரு ஜோடி என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி சந்தைக்கு வந்தால் வாங்கிக்கொள்ளலாம். ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவரவும். போன வாரம் என் ஸ்கேலையும் எடுத்துப் போய்விட்டீர்கள், அதையும்.